முணுமுணுக்கும் பிள்ளை: பியாஜேயா, வைகாட்ஸ்கியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் மாலை வகுப்பு நடத்தத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடமாக வந்தவர், பிள்ளைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. அதே கேள்வியை ஆராய்ந்த வைகாட்ஸ்கியின் பெயர் ஒரே ஒரு பக்கத்தில் இருந்தது. தேர்வில் வராது என்று அதைத் தாண்டிவிட்டோம். இன்று என் வகுப்பை நடத்திக்கொண்டிருப்பது தாண்டிப் போன அந்தப் பக்கம்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மற்றவர்களுக்கும், வேலை முடிந்து வந்து பிள்ளையோடு பாடப் புத்தகத்தைத் திறக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் நான் மாறிய காரணத்தை எழுதுகிறேன்.

இருவரும் பிறந்தது 1896இல். ழான் பியாஜே சுவிட்சர்லாந்துக்காரர். லெவ் வைகாட்ஸ்கி இன்றைய பெலாரூசில் உள்ள ஓர்ஷாவில் பிறந்தவர். பியாஜே 84 வயது வரை வாழ்ந்து, தம் கோட்பாட்டைத் திருத்தித் திருத்தி எழுத அவகாசம் பெற்றார். வைகாட்ஸ்கியை 37 வயதில், 1934இல், காசநோய் கொண்டுபோய்விட்டது. அவருடைய முதன்மையான நூல் அந்த ஆண்டே வெளிவந்தாலும் சோவியத் நாட்டில் 1956 வரை மறுபதிப்புக் காணவில்லை.

பிள்ளையின் சிந்தனை வளர்ச்சிக்குப் பியாஜே வகுத்த நான்கு பருவங்கள் ஆசிரியர் பயிற்சி பெற்ற எல்லோருக்கும் தெரிந்தவை: இரண்டு வயது வரை, ஏழு வரை, பதினொன்று வரை, அதற்குப் பின். அவற்றின் உண்மையைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரே அளவான இரண்டு குவளைகளில் சிராப் தண்ணீரை ஊற்றி, ஆறு வயதுப் பிள்ளையிடம் இரண்டும் சமமா என்று கேளுங்கள். சமம் என்பாள். அவள் கண்ணெதிரே ஒன்றை மட்டும் ஒல்லியான உயரக் கிளாசில் ஊற்றுங்கள். இப்போது உயரக் கிளாசில்தான் அதிகம் என்று கை நீட்டுவாள். எட்டு வயது அண்ணன், "அதே தண்ணீர்தானே" என்று சிரிப்பான். முதன்முறை என் மகளிடம் இதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பிள்ளையின் தவறுக்கு உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் பியாஜே. இளம் வயதில் பாரிசில் அறிவுத்திறன் தேர்வுகளைப் பிள்ளைகளிடம் நடத்தியபோதே, சரியான விடைகளைவிடத் தவறான விடைகள்தாம் அவரை ஈர்த்தன. அந்தக் கடன் எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் தவறு ஏன் வந்தது என்று தெரிந்த பின், நாளை மாலை நான் என்ன செய்வது? பியாஜேயைப் படித்த எங்களில் பலர் இதற்கு ஒரே பதிலை வைத்திருந்தோம்: "இன்னும் பக்குவம் வரவில்லை, காத்திருப்போம்." பியாஜே இவ்வளவு எளிமையாகச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை தானே செய்து பார்த்துத்தான் அறிவைக் கட்டுகிறது என்றார் அவர். எங்கள் கையில் அது காத்திருப்பதாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் புத்தகம் இல்லாத, அம்மாவும் அப்பாவும் இரண்டு வேலை பார்க்கும் பிள்ளைக்குக் காத்திருப்பு மிகவும் விலை கூடியது.

என்னை மாற்றியது ஒரு கழித்தல் கணக்கு. செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வந்த, இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பையன், 52இலிருந்து 27ஐக் கழித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தபடி இருந்தது. "இரண்டில் ஏழு போகாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. ஐந்து இப்போது நான்கு..." மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று, "தம்பி, மனத்துக்குள் செய்" என்றேன். வாயை மூடிக்கொண்டு எழுதினான்: 35. அடுத்த கணக்கிலும் அதே இடத்தில் தவறு. கடன் வாங்கத் தெரிந்திருந்தது. கடன் கொடுத்த வீட்டில் ஒன்று குறைந்துவிட்டது என்பதைப் பிடித்து வைத்திருந்தது அவன் முணுமுணுப்பு. "ஐந்து இப்போது நான்கு" என்ற வாக்கியத்தை நான் பறித்தேன், விடையில் பத்து கூடிவிட்டது. பதினாறு ஆண்டுகளில் இப்படி எத்தனை வாய்களை மூடியிருப்பேன் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருவரும் நேருக்கு நேர் மோதும் இடம் இந்த முணுமுணுப்புத்தான். பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில் இதைத் தன்மையப் பேச்சு என்றார். கேட்பவர் நிலையிலிருந்து பார்க்கத் தெரியாத பிள்ளையின் பேச்சு அது, வளர வளர மறைந்துபோகும் என்றார். வைகாட்ஸ்கி, அது மறைவதில்லை, உள்ளே போகிறது என்றார். பிறர் நம்மிடம் பேசியது முதலில் நாம் நமக்கே உரக்கப் பேசுவதாகிறது. பிறகு கிசுகிசுப்பாகிறது, பிறகு சத்தமில்லாத சிந்தனையாகிறது. அவர் இதைச் சோதித்தும் பார்த்தார். படம் வரையும் பிள்ளைக்குத் தாளோ தேவையான பென்சிலோ இல்லாமல் செய்தபோது தனக்குத்தானே பேசுவது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வேற்று மொழி பேசும் பிள்ளைகளோடும், காது கேளாத பிள்ளைகளோடும் உட்கார வைத்தபோது அது வெகுவாகக் குறைந்தது. கேட்பவரைப் பற்றிக் கவலையே இல்லாத பேச்சென்றால், புரிந்துகொள்ள ஆள் இல்லை என்பதற்காக ஏன் குறைய வேண்டும்? 1962இல், எதிர்த்து எழுதியவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பின், பியாஜே இந்த விமர்சனத்துக்கு மறுமொழி எழுதினார். உட்பேச்சின் தோற்றத்தைப் பற்றி வைகாட்ஸ்கி சொன்னதைப் பெரிதும் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்காக எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது.

படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. ரப்பர் பால் எடுக்கப் பால் மரம் வெட்டியவர் அவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்பே தம் நிரையில், அதாவது மர வரிசையில், இருப்பார். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் உளியை என் கையில் கொடுத்து, என் கைமேல் தம் கையை வைத்துப் பட்டையைச் சீவ வைத்தார். "மெல்லிசாக. ஆழம் போகாதே. மரத்துக்குக் காயம் பட்டால் அங்கே முடிச்சு விழும், திரும்ப வெட்ட முடியாது." நான்காவது நாள் கையை எடுத்துவிட்டார். வாயை மட்டும் எடுக்கவில்லை. பத்தாவது நாள் அவர் அடுத்த நிரைக்குப் போய்விட்டார். "மெல்லிசாக, ஆழம் போகாதே" என்று இருட்டில் சொல்லிக்கொண்டிருந்தது நான். உதவியோடு இன்று செய்வதை நாளை தனியாகச் செய்வான் என்று வைகாட்ஸ்கி எழுதியதை என் அம்மா படித்ததில்லை.

இப்போது வகுப்பில் நான் முதலில் உரக்கச் சொல்லிக்கொண்டே கணக்கைச் செய்கிறேன். பிறகு சேர்ந்து சொல்கிறோம். பிறகு அவன் மட்டும். குரல் தானாகத் தணியும்வரை நான் தணிப்பதில்லை. 52 கழித்தல் 27 வெறும் உதட்டசைவில் முடிந்துவிடும் பிள்ளைக்கு, 400 கழித்தல் 136 வந்தவுடன் குரல் திரும்ப எழும். அப்போது அருகே போய் உட்கார்ந்தால் போதும். சத்தமே இல்லாமல் தவறு வந்தால்தான் எனக்குக் கவலை. தனக்குச் சொல்லிக்கொள்ள அவனிடம் வாக்கியமே இல்லை என்று பொருள், நான் மறுபடி முதலிலிருந்து உரக்கத் தொடங்க வேண்டும். இதற்கு ஈடான ஓர் அளவுகோல் பியாஜேயிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்த மொழியில் முணுமுணுப்பது என்பது எங்கள் ஊருக்கே உரிய கேள்வி. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பில், கணக்கு மலாயில் வருகிறது. போன மாதம் ஒரு மாணவி 150இல் இருபது விழுக்காடு எவ்வளவு என்ற மலாய்க் கேள்வியைப் படித்துவிட்டு, "பத்து விழுக்காடு பதினைந்து, அப்படியென்றால் முப்பது" என்று தமிழில் முனகி, மலாயில் விடை எழுதினாள். தாய்மொழியில் ஏற்கெனவே விளைந்த பொருளைப் பற்றிக்கொண்டுதான் பிள்ளை இரண்டாம் மொழிக்குள் நுழைகிறது என்று வைகாட்ஸ்கி சொன்னது என் கண்முன் நடந்தது. அவளைத் தடுக்கவில்லை. படிவம் நான்கிலும் அவள் இப்படியே செய்யலாமா, வேகம் குறையுமா என்று உறுதியாகச் சொல்ல என் அனுபவம் போதாது. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் படிவம் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்னும் சில இடங்களில் நான் அடக்கி வாசிக்க வேண்டும். என் வகுப்பில் பதினான்கு பேர். முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பறையில் எல்லோரும் முணுமுணுத்தால் என்ன ஆகும் என்று நான் நடத்திப் பார்க்கவில்லை. பேச்சே வராத கைக்குழந்தைகளுக்கு, பியாஜே தம் மூன்று பிள்ளைகளையும் தொட்டிலிலிருந்தே கவனித்து எழுதியதுதான் இன்றும் நல்ல துணை. சிறு பிள்ளை வைத்திருப்பவர்கள் அவரிடமே போகலாம்.

முதியவர்களைப் பற்றி இருவருமே அதிகம் சொல்லவில்லை. மனித வாழ்வுக்கு உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த எட்டுக் கட்டங்கள் முதுமை வரை நீள்கின்றன. கடைசிக் கட்டத்தில் ஒருவர் தம் வாழ்வை நிறைவாக ஏற்கிறாரா, விரக்தியடைகிறாரா என்று அது கேட்கிறது. அம்மாவைப் புரிந்துகொள்ள அது உதவியது. ஆனால் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கைப்பேசியை அவருக்குச் சொல்லிக்கொடுக்க உதவவில்லை. அதற்குப் பழைய வழிதான். அவர் விரல்மேல் என் விரலை வைத்து மூன்று நாள் சொன்னேன். நேற்று மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. "தம்பி படத்தைத் தொடு. பச்சையை அமுக்கு. காதில் வைக்காதே, முகத்துக்கு நேரே பிடி." சற்று நேரத்தில் ஜொகூரிலிருந்து என் தம்பி, "அம்மா!" என்றான்.