ஓவர்ஃப்ளோ ஆகும் ஜெட் ஸ்கி கார்புரேட்டரும் ஒரு பாப்-ஆஃப் கேஜும்

தண்ணீரில் நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கியில் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகத் தொடங்கினால், முதலில் கை போவது ஸ்குரூ டிரைவருக்குத்தான். லோ ஸ்பீடு ஸ்குரூவைக் கால் சுற்று திருகிப் பார்ப்போம், ஐடிலுக்கான பெட்ரோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டை ஒரு எண் குறைப்போம், நனைந்த பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் போடுவோம். நானும் இதையெல்லாம் ஒரு மாதம் செய்தேன். அதன் பிறகுதான், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விடும் நீடில் எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று காட்டும், கைப்பம்பும் கேஜும் சேர்ந்து வரும் பாப்-ஆஃப் பிரஷர் டெஸ்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் அந்தக் கருவியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

என் வண்டி 701 சிசி கொள்ளளவுள்ள இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். கம்பெனி பொருத்திய 38 மில்லிமீட்டர் கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, 44 மில்லிமீட்டர் மிக்குனி சூப்பர் பிஎன் இரண்டைப் போட்டிருந்தேன். சோக் பிளேட்டுகளை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கொஞ்சம் பெட்ரோலை நேராக உள்ளே செலுத்த, கையால் இழுத்துத் தள்ளும் பிரைமர் வைத்ததும், ரிப்பேர் கிட் வாங்கி உள்பாகங்களை மாற்றியதும் நானே செய்தவை. அதனால் பின்னால் சொல்லப்போகும் கோளாறுகளுக்கு வண்டியையோ கார்புரேட்டரையோ குறை சொல்ல இடமில்லை. ஓட்டும்போது இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால் போதும், வெள்ளைப் புகை கக்கி இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஓர் இரவு நிறுத்தி வைத்தால் மறுநாள் காலை செல்ஃப் அடிக்கும்போது 'டக்' என்று ஒரே சத்தம் கேட்கும், அதற்கு மேல் இன்ஜின் நகராது. பிளக்குகளைக் கழற்றினால் முன் சிலிண்டரில் பெட்ரோல் நிற்கும். பெட்ரோலைக் காற்றைப் போல அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், அந்த நிலையில் விடாப்பிடியாக செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால்தான் இது பிளக் செலவோடு முடிகிற கோளாறு அல்ல என்று சொல்கிறேன்.

இந்தக் கருவி எதை அளக்கிறது என்பது புரிய, இந்த வகைக் கார்புரேட்டரின் உள்ளமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் இருப்பது போன்ற மிதவை இதில் கிடையாது, ஏனென்றால் சாய்ந்தும் குதித்தும் கவிழ்ந்தும் போகிற வண்டியில் மிதவை வேலை செய்யாது. அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய டயாஃப்ரம், அது அழுத்துகிற ஒரு சிறு லீவர், லீவரின் மறுமுனையில் ஒரு நீடில், லீவருக்கு அடியில் அந்த நீடிலை மூடியே வைத்திருக்கும் ஒரு ஸ்பிரிங் ஆகியவை இருக்கின்றன. இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சும்போது டயாஃப்ரம் உள்ளிழுக்கப்பட்டு லீவரை அமுக்குகிறது, நீடில் தான் உட்கார்ந்து மூடும் துளையுள்ள பாகமான சீட்டிலிருந்து எழுகிறது, பெட்ரோல் உள்ளே வருகிறது. டயாஃப்ரத்தின் உதவியே இல்லாமல், பெட்ரோல் வரும் பக்கத்து அழுத்தம் மட்டுமே நீடிலைத் தள்ளித் திறக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் பாப்-ஆஃப் அழுத்தம். சீட்டின் துளை பெரிதானால் இந்த அளவு குறையும், ஸ்பிரிங் கடினமானால் கூடும். 65, 80, 95, 115 கிராம் என்ற ஸ்பிரிங்குகளும், 1.5, 2.0, 2.3, 2.5 மில்லிமீட்டர் என்ற சீட்டுகளும் கிடைப்பது இதற்காகத்தான். இந்த அளவு மிகவும் தாழ்ந்தாலோ, நீடில் மூடிய பிறகும் கசிந்தாலோ, ஐடிலில் தேவைக்கு மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பம்பு, அதன் தலையில் 60 பிஎஸ்ஐ வரை காட்டும் வட்டமான கேஜ், காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு, முக்கால் முழ நீளத்துக்கு ஒரு ஹோஸ், அவ்வளவுதான். பம்பின் பித்தளை உடல் உறுதியாக இருக்கிறது, இரண்டு ஆண்டுகளில் அதன் வாஷரை ஒருமுறைகூட மாற்ற நேரவில்லை. குறை கேஜில்தான் இருக்கிறது. நமக்கு மிகவும் தேவைப்படும் 0 முதல் 15 வரையான பகுதி முகப்பின் கால் பங்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ இறங்கினால் முள் மயிரிழை அளவுதான் நகரும், கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். உச்ச அளவைப் பிடித்து நிறுத்திக் காட்டும் இரண்டாவது முள்ளும் இல்லை. நீடில் திறக்கும் அந்தக் கணத்தை நம் கண்தான் பிடிக்க வேண்டும் என்பதால், பம்பை அவசரமாக அடித்தால் அளவு தவறிவிடும்.

கருவியோடு வந்த ஒற்றைத்தாள் விளக்கத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை, முதல் நாளே வீணாய்ப் போன ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன்: கார்புரேட்டரைச் சோதிப்பதற்கு முன் கருவியையே சோதிக்க வேண்டும். ஹோஸின் முனையை மடக்கி ஒரு கிளாம்ப் போட்டு, 20 வரை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். எனக்கு வந்த கருவியில் காற்றுத் திருகு முழுதாக மூடாமல் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, அதை நான் நீடிலின் கசிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருகின் இழையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றிய பிறகு அந்தக் கசிவு நின்றது.

அடுத்துச் சோதனைக்கு வருகிறேன். கார்புரேட்டரை வண்டியிலிருந்து இறக்கி, ரெகுலேட்டர் பக்கத்து மூடியையும் டயாஃப்ரத்தையும் எடுத்துவிட்டு, மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயை அடைத்து, பெட்ரோல் வரும் குழாயில் ஹோஸை மாட்ட வேண்டும். நீடிலையும் சீட்டையும் மெல்லிய எண்ணெயால் நனைப்பது கட்டாயம், உலர்ந்த நீடிலில் கிடைக்கும் அளவுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. பிறகு மெதுவாக அழுத்தத்தை ஏற்றி நீடில் திறக்கும் அளவை மூன்று முறை குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின் 10 பிஎஸ்ஐயில் நிறுத்தி, ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின் சிலிண்டரின் கார்புரேட்டர் மூன்று முறையும் 24-இல் திறந்தது, 10-இல் கல்லைப் போல நின்றது. முன் சிலிண்டருடையதோ 23, 17, 20 என்று தாறுமாறாகக் காட்டியது. 10-இல் நிறுத்தினால் அரை நிமிடத்துக்குள் 4-க்கு இறங்கியது. நீடிலின் முனையில் ஏதோ தூசு என்று முடிவு கட்டிவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் குனிந்து பார்த்தேன். சீட்டைச் சுற்றி விட்டிருந்த எண்ணெய்ப் படலத்தில் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன. அவை சீட்டின் நடுத்துளையில் நீடில் இருக்கும் இடத்திலிருந்து வரவில்லை. சீட்டின் வெளிவிளிம்பும் கார்புரேட்டர் உடலும் சந்திக்கும் கோட்டில், அதுவும் ஒரே ஒரு பக்கத்திலிருந்து வந்தன. சீட்டைப் பிடித்திருக்கும் தகட்டின் ஸ்குரூவைக் கழற்றி சீட்டை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மலிவு விலை ரிப்பேர் கிட்டில் வந்த, சீட்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், பழைய ஓ-ரிங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்படி மெலிந்திருந்தது. பெட்ரோல் நீடிலைத் தொடாமலேயே சீட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் திருகிய எந்த ஸ்குரூவும் அந்த வழியைத் தொட்டிருக்க முடியாது.

மிக்குனியின் அசல் கிட்டிலிருந்த நீடில், சீட், ஓ-ரிங் மூன்றையும் போட்டதும் முன் கார்புரேட்டரும் 24-இல் திறந்து 10-இல் நின்றது. ஐடிலில் இன்ஜின் மூச்சுத் திணறுவது அன்றோடு நின்றுவிட்டது. பாப்-ஆஃப் அளவு இறங்கியிருந்தால் லீவரை வளைத்தோ ஸ்பிரிங்கை இழுத்தோ சரிசெய்யப் பார்க்கிறவர்கள் உண்டு, நானும் ஒருமுறை செய்திருக்கிறேன், அது தவறு. லீவரின் முனை பக்கத்திலிருக்கும் உலோகப் பரப்போடு சமமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே தூக்கி நின்றால் டயாஃப்ரம் ஓய்வாக இருக்கும்போதே அதை அமுக்கி நீடிலைத் திறந்து வைத்துவிடும். அளவை மாற்ற வேண்டுமென்றால் சரியான எடையுள்ள ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் காலையில் பெட்ரோல் நிற்பது மட்டும் முழுதாக நிற்கவில்லை. டேங்க் நிறைந்து வெயிலில் கிடந்த நாட்களில் மட்டும் வந்தது. இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உதவி அங்கேதான் என்று நினைக்கிறேன். நீடில் இரண்டும் நல்லவை என்று கேஜ் சொல்லிவிட்ட பிறகு, கார்புரேட்டரை மறுபடி பிரிக்காமல் வேறு வழிகளைத் தேடத் துணிவு வந்தது. டேங்கின் வென்ட்டில் இருக்கும் ஒருவழி வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது, வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் ஊற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வெயிலில் டேங்குக்குள் ஆவி அழுத்தம் ஏறும், மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தம் வரும். அந்த அழுத்தம் நல்ல நீடிலைத் தள்ளித் திறக்காது. நான் வைத்த பிரைமரோ டேங்கிலிருந்து நேராகக் கார்புரேட்டரின் தொண்டைக்குப் போகிறது. பிரைமருக்குள் இருக்கும் வால்வுகள் பெட்ரோல் திரும்பி வருவதைத்தான் தடுக்கும், அழுத்தம் டேங்கின் பக்கமிருந்து வந்தால் அவை தாமாகவே வழிவிடும். பிரைமர் ஹோஸில் ஒரு சிறு மூடுகுழாயை வைத்து, நிறுத்தும்போதெல்லாம் அதை மூடி, டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து அழுத்தத்தை விட்டுவிடத் தொடங்கியதும் பிளக்குகள் காய்ந்தே இருக்கின்றன.

எனவே வாங்குகிறவர்கள் இந்தக் கருவியின் எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. நீடில், சீட், ஸ்பிரிங், ஓ-ரிங் இந்த நான்கைப் பற்றித்தான் அது பேசும். பிரைமர் லைனை அது பார்க்காது. ஃப்யூயல் பம்பின் டயாஃப்ரம் ஓட்டையாகி, அந்தப் பம்பை இயக்கக் கிராங்க் கேஸிலிருந்து வரும் பல்ஸ் ஹோஸ் வழியாகவே பெட்ரோல் இன்ஜினுக்குள் போவதும் உண்டு, அதை அந்த ஹோஸைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கார்புரேட்டர்களை மாற்றும்போது ரிட்டர்ன் லைனை முழுக்க அடைத்துவிட்டவர்களுக்குப் பம்பின் அழுத்தம் முழுவதும் நீடிலின் மேல் வந்து விழும், அதையும் இது காட்டாது.

சோதனையின் ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலிண்டரில் நிற்கும் பெட்ரோலை வெளியேற்ற, பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சியடிக்கும், அப்போது தொங்கும் பிளக் வயரில் ஒரு பொறி வந்தால் போதும், ஹல்லுக்குள் தீப்பிடிக்கும். ஹூட்டைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, பிளக் வயர்கள் இரண்டையும் எர்த் செய்த பிறகே பட்டனைத் தொட வேண்டும். கார்புரேட்டர் வாயிலிருந்து தீ வெளியே வராமல் தடுக்கும் ஃப்ளேம் அரெஸ்டர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படாது, 2017-இல் வந்த கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் 1500-க்கும், 2021 முதல் ஃபோர்-ஸ்ட்ரோக்காக வரும் யமஹா சூப்பர்ஜெட்டுக்கும் கார்புரேட்டரே கிடையாது. பழைய டூ-ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு அதன் கார்புரேட்டரைத் தானே பிரித்துப் பூட்டுகிறவர், கருவிப்பெட்டியில் டார்க் ரெஞ்சுக்கு அடுத்தபடியாக இதை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வகை கேஜ்கள் கிடைத்தால் 60 வரை உள்ளதை விட்டுவிட்டு 30 வரை உள்ளதை எடுங்கள், கசிவைப் பார்க்க அதுவே வசதி. ஆனால் உங்கள் சீட் 1.5 ஆக இருந்து, ஸ்பிரிங்கும் கடினமானதாக இருந்தால் 30-ஐத் தாண்ட வாய்ப்புண்டு, அப்போது பெரியதுதான் சரி. கூடவே வரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஹோஸ் ஓராண்டில் விறைத்துப் போய்க் குழாய் முனையைப் பிடிக்காமல் நழுவும். அதைக் கழற்றிவிட்டு சாதாரணக் கருப்புப் பெட்ரோல் ஹோஸ் ஒரு துண்டு போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டிக்கொண்டேன், அதிலிருந்து அளவுகள் மாறாமல் வருகின்றன.