இன்னும் ஓர் அறை கட்டுவதா, வேறு வீடு பார்ப்பதா?

வீடு போதவில்லை என்று தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் பணக்கணக்குப் போடுகிறார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலில், எது போதவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்குப் படிக்கத் தனி அறை, படியேற முடியாத பெரியவருக்குக் கீழேயே படுக்கையும் குளியலறையும் என்று வந்தால், அது கட்டித் தீர்க்கக்கூடிய குறை. வேலைக்குப் போய்வர ஆகும் நேரம், ஓயாத சாலை இரைச்சல், மழை வந்தால் தெருவில் தேங்கும் தண்ணீர் என்று வந்தால், எத்தனை அறை கட்டினாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

சரி, கட்டித் தீரும் குறைதான் என்றால் மேலே எழுப்புவதா, பக்கத்தில் இழுப்பதா?

மேலே எழுப்ப அஸ்திவாரம் இடம் கொடுக்க வேண்டும். தூணும் பீமும் போட்ட வீடு ஒரு மாதிரி, சுவரே பாரம் தாங்கும் பழைய வீடு வேறு மாதிரி. மொட்டைமாடியில் தூண் கம்பிகளை நீட்டிவிட்டிருக்கிறார்களே என்று நம்பி இறங்காதீர்கள். அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்பதை அந்தக் கம்பி சொல்லாது. மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்தும் இருக்கும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். அந்தக் கட்டணத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளே படிக்கட்டு வைத்தால் கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் அது இடம் பிடிக்கும் என்பதையும் வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் இழுப்பது எளிது என்று நினைப்போம். பழைய கட்டடம் ஏற்கெனவே மண்ணில் அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். அதனால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விட்டு நீர் கசிவது வழக்கம். அங்கே முறையாக இடைவெளி விட்டு அடைக்கத் தெரிந்தவர் வேண்டும். எங்கள் வீட்டில் விரிசல் வரவில்லை, வெளிச்சம் போய்விட்டது. பின்னால் ஓர் அறை கட்டியதும், அதுவரை ஜன்னலோடு இருந்த நடு அறை நாலு பக்கமும் அடைபட்டுப் பகலிலேயே விளக்குக் கேட்டது. பிறகு கூரையில் ஒரு பகுதியை உடைத்துக் கண்ணாடி பதித்தோம். புது அறைக்குச் செலுத்திய கவனத்தில் பாதியைப் பழைய அறைக்குக் கொடுத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

மனையைச் சுற்றி விட வேண்டிய இடம், உயர வரம்பு, அனுமதி இவற்றை உள்ளூர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுக்குமாடி என்றால் மற்ற உரிமையாளர்களின் சம்மதமும் சேரும்.

வீடு மாறுவதில் இந்தத் தூசியும் சத்தமும் இல்லை. ஆனால் தரகு, பத்திரப்பதிவு, வழக்கறிஞர் கட்டணம், சாமான் ஏற்றும் வண்டி என்று போகும் பணம் எதுவும் செங்கல்லாக மாறாது. பழைய கடன் குறைந்த வட்டியில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகையும் போகும். விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் முடியாததால் நடுவில் வாடகை வீடு தேவைப்படலாம். புதிதாகப் போகும் வீட்டிலும் அலமாரி, வண்ணம், குழாய் என்று வேலை காத்திருக்கும். பார்க்கும் வீட்டை மழை நாளில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். கட்டுவது என்றால் மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பழைய சுவரைத் திறந்த பிறகுதான் உள்ளே இருக்கும் கோளாறு தெரியும். தெருவில் மற்ற வீடுகள் போகும் விலையைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் போட்டதெல்லாம் விற்கும்போது திரும்பும் என்று எண்ண வேண்டாம். கைக்குழந்தையோ மூச்சிரைப்பு உள்ளவரோ வீட்டில் இருந்தால், வேலை முடியும்வரை வெளியே தங்கும் வாடகையும் இதே கணக்கில்தான் வரும்.

அக்கம்பக்கம் நல்லதாக இருந்து, அஸ்திவாரமும் தாங்கும் என்றால் நான் கட்டுவதன் பக்கம்தான். இடமே பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மாறச் சொல்வேன். மாறிய இடம் ஒத்துவருமா என்று சந்தேகம் இருந்தால், சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்.