கொடுத்த தங்கமே மோதிரமாகத் திரும்பி வர: கோவைப் பட்டறைகளில் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது

நாலு வார லீவில் ஊருக்கு வந்து, யாரையும் வதைக்காத, மண்ணையும் ஆற்றையும் கெடுக்காத தங்கத்தில் ஒரு மோதிரம் செய்துகொண்டு திரும்ப முடியுமா? கோவையில் முடியும். அச்சு வரைகிறவர், வார்ப்பவர், கல் பதிப்பவர், மெருகு போடுபவர், ஹால்மார்க் மையம் எல்லாம் ஒரே ஊரில் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். ஆனால் அறத்தோடு செய்த நகை என்று போர்டு வைத்த கடையைத் தேடி அலைய வேண்டாம். சிறு சுரங்கங்களில் நியாயமாக எடுத்தது என்று சான்று தரும் ஃபேர்மைண்ட், ஃபேர்டிரேட் முத்திரைத் தங்கம் கேட்டும் நாளைக் கழிக்க வேண்டாம். வீட்டு பீரோவில் போடாமல் கிடக்கும் பழைய நகைதான் இதற்குச் சரியான மூலப்பொருள். கோலார் சுரங்கம் 2001-ல் மூடியாயிற்று. நாட்டில் புழங்கும் தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதி. உலகின் சிறு சுரங்கங்களில் இன்னும் பாதரசத்தை வைத்துத்தான் பொன்னைப் பிரிக்கிறார்கள். அதைக் குறைக்க வந்த மினமாட்டா உடன்படிக்கை 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பாட்டியின் வளையலை உருக்கினால் அதற்காகப் புதிதாக ஒரு குழியும் தோண்ட வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெரிய கடையில் பழைய நகையைக் கொடுத்தால் எடை போட்டு, மாற்று, அதாவது தங்கத்தின் தரம் பார்த்து, அன்றைய விலைக்கு வரவு வைத்துவிட்டுத் தங்கள் இருப்பிலிருந்து புது நகையைக் கொடுப்பார்கள். பில்லில் கணக்கு நேராக இருக்கும். உங்கள் தங்கம் மட்டும் வேறெங்கோ போயிருக்கும். விரலில் ஏறியது எந்தச் சுரங்கத்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஹால்மார்க் இதற்கு உதவாது, அது தரத்தைச் சொல்லுமே தவிர பிறப்பைச் சொல்லாது. அதனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்: "எக்ஸ்சேஞ்ச் வேண்டாங்க. எங்க தங்கத்தையே உருக்கி, அதிலேயே செஞ்சு குடுக்கணும். மிச்சத்தையும் திருப்பித் தரணும்." இதற்குத் தயங்குகிற இடத்தில் மேற்கொண்டு பேசிப் பயனில்லை. தயங்காமல் "கூடவே இருந்து பாத்துக்கங்க" என்று சொல்லும் ஆசாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

எவ்வளவு தங்கம் வேண்டும்? கல் வைத்த மோதிரத்துக்கு 18 காரட்டே ஏற்றது. 22 காரட் மெத்தென்றிருக்கும், கல்லைப் பிடிக்கும் நகங்கள் நாளடைவில் விரிந்துவிடும். வேலை முடிந்து 4 கிராம் வரும் மோதிரத்துக்கு வார்க்கும்போது 7 கிராம் வரை உலோகம் வேண்டும். உருகிய தங்கம் அச்சுக்குள் ஓடுகிற காம்பும், அராவி எடுக்கும் துகளும் சேர்த்த கணக்கு அது. ஒரு பவுன், அதாவது 8 கிராம், உண்மையான 916 தங்கமாக, அதாவது 22 காரட்டாக இருந்தால் அதில் சுத்தப் பொன் 7.33 கிராம். 18 காரட்டில் முக்கால் பங்குதான் பொன், ஆகவே 0.75-ஆல் வகுத்தால் 9.77 கிராம் 18 காரட் கிடைக்கும். சேர்க்க வேண்டிய வெள்ளியும் செம்பும் 1.77 கிராம். ஆனால் ஹால்மார்க் வருவதற்கு முன் வாங்கிய நகை 916 நிற்கும் என்று எண்ணி வரக் கூடாது. 84 விழுக்காடு என்று வந்தால் அதே 8 கிராமில் சுத்தப் பொன் 6.72 கிராம்தான், 18 காரட்டாக 8.96 கிராம். அப்போதும் ஒரு பவுன் போதும். சேர்க்கும் வெள்ளியையும் வீட்டுப் பழைய கொலுசிலிருந்து கொடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். கொலுசைப் பற்றவைத்த உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் பொன்னில் விட்டால் மொத்தமும் கெடும்.

உருக்குவதற்கு முன் நகையைப் பிரிப்பதில்தான் பாதி மனக்கசப்பும் முளைக்கிறது. பழைய அட்டிகைக்கும் தோட்டுக்கும் உள்ளே அரக்கு இருக்கும். சங்கிலிக் கொக்கியில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும். திருகாணி வேறு மாற்றாக இருக்கும். இதையெல்லாம் எடுக்காமல் எடை போட்டு, உருக்கியபின் குறைந்துவிட்டது என்று ஆசாரியோடு சண்டை போடுவது நியாயமில்லை. கல்லும் அரக்கும் கம்பியும் நீக்கியபின் ஒரு எடை, உருக்கியபின் ஒரு எடை. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், போனில் படமும் எடுங்கள்.

உருக்கும் இடத்தில் கண் இருக்கட்டும். குகை என்கிற உருக்கும் கிண்ணத்தில் நகைத் துண்டுகளைப் போட்டு, மேலே வெங்காரம் தூவி, தீயை விடுவார்கள். முதலில் துண்டுகள் முனையில் சிவந்து ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு திடீரென்று எல்லாம் சரிந்து, கண்ணாடி போல மின்னுகிற ஒரே உருண்டையாகத் திரளும். இந்த நேரத்தில் பழுப்பாகவோ மஞ்சளாகவோ புகை எழுந்தால் பழைய கே.டி.எம். நகை என்று சந்தேகப்படலாம். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு கேட்மியம் கலந்த பற்றால் ஒட்டியது அது. பெருமையாகச் சொல்லி விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் புகை அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். புகைபோக்கியும் விசிறியும் இல்லாத அறையில் கே.டி.எம். நகையை உருக்கக் கொடுக்காதீர்கள். சுரங்கத் தொழிலாளியைப் பற்றிக் கவலைப்படுகிற நாம், கண்ணெதிரே ஊதுகிறவரை மறந்துவிடலாகாது.

உருகியதைக் கட்டியாக ஊற்றியபின் ஒரு மச்சம், அதாவது சோதனைக்கான சிறு துண்டு, வெட்டித் தரம் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். ஆகவே நகையாக இருக்கும்போது பார்த்த எண்ணைவிட, உருக்கிக் கலந்த கட்டியில் பார்த்த எண்ணே நம்பத்தக்கது. பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். 4 உருப்படி வரை 200 ரூபாய், வரி தனி. கட்டியின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். வளைந்தால் நல்லது. விரிசல் விட்டால் ஈயமோ வேறு கசடோ கலந்திருக்கிறது, மிகச் சிறு அளவு ஈயமே பொன்னை நொறுங்க வைத்துவிடும். அதை அப்படியே வார்த்தால் மோதிரம் பின்னால் பிளக்கும். திராவகத்தில் கரைத்துச் சுத்தப் பொன்னாகப் பிரித்து, புது வெள்ளியும் செம்பும் சேர்ப்பதுதான் வழி. இங்கேதான் இன்னொரு முறை தங்கம் கைமாறும். சுத்திகரிக்கிறவர்கள் நாலு பேர் தங்கத்தைச் சேர்த்துப் போடுவது வழக்கம். தனியாகப் போடுவதற்குக் கூலி கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடலாம்.

கல் விஷயத்தில் எங்கள் வரிசை இது: முதலில் வீட்டுக் கல், பிறகு ஆய்வகத்தில் வளர்த்த வைரம், பிறகு பக்கத்து ஊர்க் கல். ஏழு கல் தோட்டில் இருக்கும் பழைய வைரங்களில் ஒன்று போதும், மோதிரத்துக்கு. மூடிய கட்டில் இருக்கும் கல்லுக்குப் பின்னால் தகடு வைத்திருப்பார்கள். கழற்றினால் நிறம் மங்கித் தெரியலாம். மாற்றிவிட்டார்கள் என்று பதறக் கூடாது. கழற்றும் முன்பே பூதக்கண்ணாடியில் கீறலையும் உள்புள்ளியையும் பார்த்துக் குறித்துக்கொண்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. சிவப்புக் கற்களில் பல கண்ணாடி நிரப்பியவை. தீயும் திராவகமும் பட்டால் போய்விடும்.

ஆய்வக வைரம் என்றால் பதிப்பதற்கு முன்பே, தனிக் கல்லாகப் பார்க்க வேண்டும். வைரத்தைத் தரம் பார்க்கும் ஐ.ஜி.ஐ. ஆய்வகத்து அறிக்கையின் எண் கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்திருக்கும். கடையிலேயே லென்ஸில் பார்த்து, இணையத்தில் சரிபாருங்கள். பேனா மாதிரி இருக்கும் சோதனைக் கருவி சுரங்க வைரத்தையும் ஆய்வக வைரத்தையும் பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒரே கார்பன். ஆய்வகக் கல்லுக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது, மறுவிற்பனை மதிப்பும் மிகக் குறைவு. தெரிந்தே வாங்குங்கள். சுரங்க வைரத்துக்கு "கிம்பர்லி சான்று இருக்கு" என்று சொல்வார்கள். 2003-ல் தொடங்கிய அந்த ஏற்பாடு கிளர்ச்சிப் படைகள் போருக்குப் பணம் திரட்டும் கச்சா வைரத்தை மட்டுமே தடுக்கிறது. சுரங்கத்தில் கூலி என்ன, வேலை செய்தது பிள்ளைகளா என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே.

காங்கேயம், கரூர் பக்கத்துக் கற்கள் மனசுக்கு நெருக்கமானவை. கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணி செய்த மண் அது. ஆனாலும் மோதிரத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது கடினத்தைப் பார்க்க வேண்டும், வைரத்துக்கு 10 என்கிற அளவில். சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5 வரைதான், பாத்திரம் தேய்க்கும் கைக்கு ஆகாது. அக்வாமரீன் 7.5 முதல் 8 வரை, தாங்கும். எந்தக் காட்டில் எடுத்தது, யார் பட்டை தீட்டியது என்று கேட்டால் பதில் சொல்கிற தரகரிடம் பில்லோடு வாங்குங்கள்.

அளவு எடுப்பதில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே ஒரு கண்ணி உண்டு. இந்திய எண் 12 என்றால் உள்சுற்றளவு 52 மில்லிமீட்டர், அமெரிக்க அளவில் ஏறக்குறைய 6. எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்வது நல்லது. சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்கு விரல் வீங்கியிருக்கும். அப்போது எடுத்த அளவில் செய்த மோதிரம் டொராண்டோ ஜனவரியில் கழன்று விழும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஏ.சி. அறையில் ஒன்று என்று மூன்று முறை அளந்து நடுவில் நில்லுங்கள்.

கணினியில் வரைந்ததைத் திரையில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். திரையில் எல்லாமே திடமாகத் தெரியும். அதே வடிவில் மெழுகில் செய்த மாதிரி மோதிரம் வந்ததும் விரலில் போட்டுப் பார்த்து, அதை எடை போடச் சொல்லுங்கள். மெழுகின் எடையை 15.5-ஆல் பெருக்கினால் 18 காரட்டில் என்ன எடை வரும் என்று தெரிந்துவிடும். 0.26 கிராம் மெழுகு, 4 கிராம் மோதிரம். இந்த ஒரு பெருக்கல் கையில் இருந்தால் சேதாரப் பேச்சு நேராகிவிடும். காம்பும் துகளும் உங்களிடம் திரும்பி வருகிறபோது வார்ப்பு வேலையில் உண்மையான இழப்பு கொஞ்சம்தான். கடைச் சேதார விழுக்காட்டை இங்கே போட இடமில்லை. அதற்குப் பதில் செய்கூலியை உருப்படிக்கு இவ்வளவு என்று தாராளமாகவே பேசுங்கள், கல் பதிப்பவர் கூலியைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். பதிப்பு வேலை பெரும்பாலும் வேறு பட்டறைக்குப் போகிறது, பேரம் பேசிக் குறைத்த தொகை அவர் தலையில்தான் விடியும். தங்கம் உங்களுடையது என்றால் இது கூலி வேலை. கூலிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டுமே, தங்கத்தின் மதிப்புக்கு 3 விழுக்காடு வராது.

வெள்ளைத் தங்கம் கேட்பவர்கள், அதில் கலப்பது நிக்கலா பல்லேடியமா என்று கேளுங்கள். நிக்கல் பலருக்கு அரிப்பைக் கொடுக்கும். மேலே பூசும் ரோடியம் ஓரிரு வருடத்தில் தேயும், திரும்பப் பூச வேண்டும். தினமும் போடுவதற்கு மஞ்சளே மேல் என்பது எங்கள் எண்ணம்.

ஹால்மார்க்குக்கு ஒரு தடை உண்டு. பதிவு பெற்ற நகை வணிகர்தான் உருப்படியை மையத்துக்கு அனுப்ப முடியும். நீங்களாகவோ பதிவில்லாத ஆசாரியோ போய் முத்திரை வாங்க முடியாது. ஆகவே தொடக்கத்திலேயே பதிவு உண்டா என்று கேட்டுவிடுங்கள். மோதிரத்தின் உள்ளே பி.ஐ.எஸ். முக்கோணம், 18 காரட்டுக்கான 750, ஆறு எழுத்தெண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்கிற அந்த நகைக்கே உரிய அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் நகைக்கு இதுதான் விதி. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை அங்கேயே போட்டுப் பாருங்கள்.

நாள் கணக்கு: உருக்கிச் சோதிக்க ஒரு நாள், வரையவும் மெழுகு பார்க்கவும் நாலைந்து நாள், வார்த்து, அராவி, பதித்து, மெருகிட ஒரு வாரம், ஹால்மார்க்குக்கு இரண்டு நாள். இறங்கிய முதல் வாரமே போங்கள். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் பட்டறை நிரம்பி வழியும், ஆடியிலும் மார்கழியிலும் மூச்சு விட நேரமிருக்கும். துர்கா பூஜைக்கு வங்கத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கடைசி வாரத்தில் கொடுத்து அவசரப்படுத்தினால் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்துக் கல் பதிப்பார். நகம் சரியாக மடியாமல் போவதும் அப்போதுதான்.

வெளிநாட்டிலிருந்தே பழைய நகையைக் கொண்டு வருகிறவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குப் பெண் 40 கிராம், ஆண் 20 கிராம் என்ற சுங்கவரியில்லா வரம்பை நினைவில் வையுங்கள். திரும்பும்போது பில்லில் "வாடிக்கையாளர் கொடுத்த தங்கம், இத்தனை கிராம்" என்று எழுதியிருக்கட்டும், போய்ச் சேரும் நாட்டுச் சுங்கத்தில் கேட்டால் காட்ட. மிஞ்சிய காம்பைச் சிறு கட்டியாக உருக்கி வாங்கி அந்தப் பில்லோடு வையுங்கள். பின்னால் மோதிரத்தைப் பெரிதாக்க நேர்ந்தால், அதே நிறத்தில் ஒட்டுப் போட அந்தத் துண்டு வேண்டும்.