நீட் இரண்டாம் முறை: கோச்சிங் ஹாஸ்டலா, வீடா?

இன்னொரு வருடம் எடுத்து நீட் எழுதலாம் என்று முடிவான பிறகு வருகிற முதல் குழப்பம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கும் கோச்சிங்கில் சேர்வதா, வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பதா என்பதுதான்.

கோச்சிங்கில் நிஜமாகக் கிடைப்பது தேர்வுப் பழக்கம். 180 கேள்வி, 180 நிமிடம், தப்பாகப் போட்டால் ஒரு மார்க் போய்விடும் என்ற நெருக்கடியில் வாராவாரம் எழுதி எழுதித்தான் எந்தக் கேள்வியைத் தொடவே கூடாது என்பது பிடிபடும், வீட்டில் தனியாக அது வருவது கஷ்டம். ஃபீஸைக் கேட்டால்தான் கண்ணைக் கட்டும்.

வீட்டில் படிக்கிறவருக்கு உயிரியல் கைகொடுக்கும். 720-இல் 360 மார்க் அதற்குத்தான், அதில் பெரும்பகுதி என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கிற வேலை, அதற்கு ஹாஸ்டல் எதற்கு? சீனியரிடம் பழைய நோட்ஸ் வாங்கினால் மட்டும் கவனம், 2024-இல் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள், திடநிலை, புறப்பரப்பு வேதியியல் எல்லாம் இப்போது கிடையாது.

என்னைக் கேட்டால், இயற்பியலில் மட்டும் சறுக்கியவர் வீட்டில் இருந்தபடி அதற்கு ஒரு டியூஷன், அப்புறம் ஒரு டெஸ்ட் சீரிஸ் என்று போகலாம். மூன்று பாடத்திலும் குறைவு, ஃபோனும் கையை விட்டு இறங்காது என்றால் சரி, ஹாஸ்டல்தான். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் தனி, பணம் கட்டும் முன் போன வருடத்து எண்ணைப் பார்த்துவிடுங்கள்.