சனிக்கிழமை மூன்று மணி நேரம்: லண்டனில் ஒரு மியூசிக்கல் தியேட்டர் வகுப்பு

லண்டன் வடமேற்குப் பக்கம் இருக்கிற தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: பாட்டு, நடனம், நடிப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லித் தருகிற சனிக்கிழமை வகுப்பில் பிள்ளையைப் போடலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா? எங்கள் வீட்டில் இரண்டு பேர் போகிறார்கள், பையனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்கு எட்டு. தகும் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர்கள் மேடையில் போடுகிற ஷோவைப் பார்த்து மயங்கிச் சேர்க்காதீர்கள், ஷோ இல்லாத டெர்மில், அதாவது பள்ளிப் பருவத்தில், உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். பள்ளியின் பெயரை நான் போடவில்லை, ஏனென்றால் குறையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அது ஒரு கிளையின் குறையா எல்லா இடத்துக்கும் பொதுவா என்று அடித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

இந்த வகைப் பள்ளிகளில் பலருக்கும் தெரிந்த பெயர் 1988இல் தொடங்கிய ஸ்டேஜ்கோச், ஊருக்கு ஊர் பிரான்சைஸ் முறையில் நடப்பது. எங்கள் பிள்ளைகள் போவது அது இல்லை, ஆனால் கணக்கு அதே மாதிரிதான்: ஒரு மணி நேரம் பாட்டு, ஒரு மணி நேரம் நடனம், ஒரு மணி நேரம் நடிப்பு, வயதுவாரியாகக் குழு பிரித்து அறை மாற்றி மாற்றிப் போவார்கள். சின்னஞ்சிறுசுகளுக்குப் பாதி நேரம். இடம் என்னவோ வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடம், குளிர்காலத்தில் ஹால் ஹீட்டர் வேலை செய்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

நாங்கள் இன்னும் விடாமல் இருப்பதற்குக் காரணம் பாட்டு டீச்சர். ரெக்கார்டட் டிராக்கைப் போட்டுவிட்டுக் கூடப் பாடச் சொல்கிற ஆள் இல்லை, பியானோவில் தானே உட்கார்ந்து வாசிக்கிறார். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பாட்டே கிடையாது: உதட்டை அதிரவிட்டு பிர்ர்ர் என்று மேலே போய்க் கீழே வருவது, சைரன் மாதிரி ஊளையிடுவது, நாக்கு சுளுக்குகிற வாக்கியங்களை வேகமாகச் சொல்வது. வெளியே காத்திருக்கிற அப்பாக்களுக்கு இது காசைக் கரைக்கிற வேலையாகத் தெரியும், ஆனால் எட்டு வயதுக் குழந்தை தொண்டையை இறுக்கிக் கத்தாமல் பாடுவதற்கு இதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம் பாட்டின் வரிகளை முதலில் வசனமாகப் பேசச் சொல்வார். யாரிடம் பேசுகிறாய், அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு, அதற்குப் பதில் வந்த பிறகுதான் ராகம். மகள் ஞாயிற்றுக்கிழமை கர்நாடக சங்கீதமும் படிக்கிறாள், அங்கே சுருதியும் தாளமும் நின்றால்தான் மற்ற பேச்சு, இங்கே சொல்தான் முதலில். சுரத்தை அசைத்துப் பாடிப் பழகினவளிடம் "நேராக நிறுத்து" என்றபோது கொஞ்ச நாள் திணறினாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழம்பிவிடுவாள் என்று உறவுக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் இங்கிலீஷும் பேசுகிற மாதிரிதான் இதுவும்.

பையன் விஷயம் வேறு. போன வருடம் அவனுக்கு மகரக்கட்டு உடைந்தது. அதுவரை உயரத்தில் மணி மணியாகப் பாடிக்கொண்டிருந்தவன், திடீரென்று பாதி வரியில் குரல் பிசிறி, முகம் சிவந்து, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். இந்த இடத்தில்தான் ஒரு பயிற்சிப் பள்ளி நல்லதா இல்லையா என்று தெரியும் என்று நினைக்கிறேன். டீச்சர் அவனைப் பாட வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை, பழைய உயரத்துக்கு இழுக்கவும் இல்லை. சுருதியைக் கீழே இறக்கிக் கொடுத்தார், கோரஸில் கீழ்க்குரல் வரியைக் கொடுத்தார், வசதியாக வருகிற நாலைந்து சுரங்களுக்குள் தினமும் கொஞ்சம் பாடு, வலித்தால் நிறுத்து என்றார். அதே வகுப்பில் குரல் உடைந்துகொண்டிருக்கிற இன்னும் இரண்டு பையன்களைப் பக்கத்தில் நிற்க வைத்ததுதான் பெரிய வைத்தியம், மூன்று பேரும் சேர்ந்து பிசிறும்போது யாருக்கும் வெட்கமில்லை.

எனக்கு இதைப் பார்க்கும்போது சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட நம் பாய்ஸ் கம்பெனிகள் ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளைகளுக்குப் பாட்டு, வசனம், ஆட்டம் மூன்றையும் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்து மேடையேற்றுவது நமக்கு ஒன்றும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பையன்களாகச் சேர்ந்தார்கள், எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். ஆனால் அங்கே குரல்தான் சோறு. மகரக்கட்டு உடைந்தால் ராஜபார்ட் என்கிற கதாநாயக வேஷம், ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேஷம் எல்லாம் கைவிட்டுப் போய்விடும். இங்கே காசு கட்டுகிறோம், அதனால் குரல் போனாலும் இடம் போகாது, அந்த வித்தியாசம் சின்னதில்லை.

நடன வகுப்பு பரவாயில்லை ரகம். ஜாஸ் அடிப்படை, கொஞ்சம் டேப், அதாவது தகடு வைத்த ஷூவால் தரையில் தட்டித் தாளம் போட்டு ஆடுவது. டேப்புக்குத் தனி ஷூ வாங்க வேண்டும். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் தாளத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் எதற்கெடுத்தாலும் முழங்கால் அரைமண்டிக்குப் போகிறது என்று டீச்சர் சிரிக்கிறார். நடிப்பு வகுப்பு ஆளைப் பொறுத்தது, ஒரே வருடத்தில் ஆசிரியர் மாறி மாறி வந்தார்கள், ஒருவர் அருமை, அடுத்தவர் பாதி நேரம் விளையாட்டு விட்டே ஓட்டினார். ஆனால் மேடையின் இடது என்றால் பார்க்கிறவனுக்கு இல்லை, நடிக்கிறவனுக்கு இடது என்பதிலிருந்து, எதிரே நிற்பவன் பேசும்போது சும்மா நின்று கேட்பது வரை, நம் பள்ளி ஆண்டு விழாக்களில் யாரும் சொல்லித் தராத சங்கதிகள் பிள்ளைகளுக்குப் படிந்திருக்கின்றன.

இனி ஷோ. பெரும்பாலான இடங்களில் போடுவது பெரிய மியூசிக்கல்களின் ஜூனியர் பதிப்பு. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்கிற உரிமை நிறுவனம் இதற்கென்றே ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ற சுருதியில் மாற்றி, பின்னணி இசை டிராக்கோடு கொடுக்கிறது, இன்னும் சின்னவர்களுக்கு அரை மணி நேரப் பதிப்பும் உண்டு. நல்ல ஏற்பாடு, கோரஸில் நிற்கிற பிள்ளைக்கும் ஏதாவது வேலை இருக்கும். பிரச்சினை என்னவென்றால், ஷோ வருகிற டெர்மில் எங்கள் பள்ளியில் பயிற்சி அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று மணி நேரமும் ஒத்திகை, அதிலும் முக்கிய வேஷக்காரர்களுக்குத்தான் ஒத்திகை, மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து நொறுக்குத் தீனி. முக்கிய வேஷமும் திரும்பத் திரும்ப அதே நாலு பிள்ளைகளுக்குப் போகிறது. கேட்டால் "ஆடிஷன் வைத்துத்தானே கொடுத்தோம்" என்கிறார்கள். டெர்ம் கட்டணம் போக உடைக்கு ஒன்று, ஷோ டி-ஷர்ட்டுக்கு ஒன்று, சொந்தப் பிள்ளையைப் பார்க்கவே டிக்கெட் காசு என்று தனித்தனியாக வரும், இதையெல்லாம் சேரும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. வீடியோ எடுக்கவும் விடமாட்டார்கள், உரிமை ஒப்பந்தமும் பிள்ளைகள் பாதுகாப்பும் காரணம். ஊரில் இருக்கிற பாட்டிக்கு அனுப்ப முடியாது, அதை முன்பே சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஃபாரம்கள். பிறந்த தேதி, போட்டோ, பள்ளி விவரம் என்று கேட்டால் எரிச்சலடைய வேண்டாம், இங்கே பிள்ளைகள் பொது மேடையேறுவதற்குச் சட்டம் இருக்கிறது. சூழ்நிலையைப் பொறுத்து கவுன்சிலின் லைசென்ஸோ பொது அனுமதியோ வாங்க வேண்டும், மேடைக்குப் பின்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கவுன்சில் அனுமதித்த சாப்பரோன் என்கிற பொறுப்பாளர் இருக்க வேண்டும், ஒருவருக்கு அதிகபட்சம் 12 பிள்ளைகள். தொழில்முறை மேடையில் இன்னும் கெடுபிடி, ஒரு நாளைக்கு இத்தனை நேரம்தான், தொடர்ந்து இத்தனை நாள்தான் என்று வரம்பு இருப்பதால் ஒரே வேஷத்தைப் பல பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். லண்டனின் பெரிய தியேட்டர்கள் இருக்கிற வெஸ்ட் எண்டில், மட்டில்டா மியூசிக்கலில் மட்டில்டா வேஷம் போட்ட நான்கு சிறுமிகளும் 2012இல் மியூசிக்கலில் சிறந்த நடிகைக்கான ஆலிவியர் என்கிற நாடக விருதைச் சேர்ந்தே வாங்கினார்கள்.

நம்மவர்கள் அடுத்து கேட்பது கிரேட் தேர்வு. இருக்கிறது, கவலை வேண்டாம்! லண்டன் காலேஜ் ஆஃப் மியூசிக் மியூசிக் தியேட்டருக்கென்றே எட்டாம் கிரேட் வரை தேர்வு நடத்துகிறது, ஆறிலிருந்து எட்டு வரை பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உதவுகிற யூகாஸ் புள்ளியும் உண்டு. பாடி நடித்துக் காட்டினால் மட்டும் போதாது, அந்தப் பாத்திரம் யார், கதையில் எந்த இடம் என்று தேர்வாளர் கேட்பார். ஆனால் சனிக்கிழமை வகுப்பு கட்டணத்தில் இது வராது, தனி வகுப்பு, தனிக் காசு. எட்டு வயதில் இதற்கு அவசரம் இல்லை என்பது என் கருத்து, வீட்டுக்காரம்மாவின் கருத்து வேறு.

பிள்ளை நிஜமாகவே பிடிவாதமாக இருந்தால் 1976இல் தொடங்கிய நேஷனல் யூத் மியூசிக் தியேட்டரைப் பாருங்கள். சினிமா நடிகர் ஜூட் லா சிறு வயதில் அங்கே நடித்தவர்தான். ஆடிஷன் வைத்து எடுப்பார்கள், வசதி குறைந்தவர்களுக்கு உதவித்தொகையும் இருக்கிறது. பையன் அதற்கு மனுப் போடுகிறேன் என்கிறான், புதுக் குரல் கொஞ்சம் நிலைக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் தமிழ்ப்பள்ளியும் சனிக்கிழமை காலையில்தான். மகளை அதற்காக மதியக் குழுவில் போட்டோம், கேட்டால் மாற்றித் தருகிறார்கள், அண்ணன் தங்கைக்குக் கட்டணச் சலுகையும் கேட்டால்தான் தருகிறார்கள். விலகுவதற்கு அரை டெர்ம் நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டு, முதலில் ட்ரையல் வகுப்புக்கு மட்டும் காசு கட்டுங்கள், அதுவும் ஷோ இல்லாத டெர்மில்.