பழைய மேசியும் பத்தமடை ரோட்டுப் பட்டறையும்

அப்பா 1988-ல் வாங்கிய மேசி பெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் எங்கள் தொழுவில்தான் நிற்கிறது. மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர். அப்பா இருந்தவரை கார், பிசானம் இரண்டு பூவுக்கும் (போகத்துக்கும்) தொளி அடித்தது, அதாவது சேற்றுழவு உழுதது, அந்த வண்டிதான்.

போன சித்திரையில் அதில் ஒரு சத்தம் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ‘டிக் டிக்’ என்று இரும்பு தட்டுகிற மாதிரி. கலப்பையை இறக்கி லோடு கொடுத்தால் அதோடு கனமாக ஒரு அடி. கரும்புகை வேறு. முதலில் திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே பானட்டைக்கூடத் திறக்கவில்லை. ஆக்சிலேட்டரை இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டு, "பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கி கிராங் கிரைண்டிங் பண்ணணும், லைனர் பிஸ்டன் செட்டும் மாத்தணும்" என்று எண்பத்தைந்தாயிரம் சொன்னார்கள். கிராங் என்றால் இன்ஜினுக்குள் சுழலும் தண்டு, பேரிங் அதைத் தாங்குவது. பணத்தைவிட, அப்பா வண்டியின் உயிரே போய்விட்டது என்கிற மாதிரி அதைக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை போகிற ரோட்டில் ஒரு வேப்பமரத்தடிப் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அண்ணாச்சியும் இரண்டு பையன்களும். போன் செய்து சத்தத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சாயந்தரமே கொண்டாந்து நிறுத்திட்டுப் போங்க தம்பி. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில நான்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்."

மறுநாள் காலை ஆறரைக்குப் போனேன். ஸ்டார்ட் செய்யும் முன்பே கால் மணி நேரம் வேலை நடந்தது. டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தார். தண்ணீர் இல்லை. ஆனால் வந்த ஆயில் மை மாதிரி இருந்தது. "கடைசியா எப்ப ஆயில் மாத்துனிய?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா கடைசி வருசம் படுத்த படுக்கையாகிவிட்டார், நான் வேலைக்காக டவுனில் இருக்கிறேன், வண்டியைக் கூலிக்கு வந்த டிரைவர்கள் ஓட்டினார்கள். இரண்டு பூ தாண்டியிருக்கும். அவர் திட்டவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பெட் மூடி, பிளாக், டைமிங் கவர், கடைசியாக சம்ப். என்னையும் கேட்கச் சொன்னார். டேப்பெட் மூடியில் ‘டிக் டிக்’ கூர்மையாகக் கேட்டது, பேரிங் இருக்கிற சம்ப் பக்கம் போகப்போகக் கரைந்துவிட்டது. கிராங் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு தடவை திறக்கும், அதனால் டேப்பெட் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் வரும் என்று விளக்கினார். சொன்ன பிறகு என் காதுக்கே அது பிடிபட்டது.

வண்டியிலிருந்த ஆயில் பிரஷர் முள் எத்தனையோ வருசமாக ஆடவில்லை. அவர் தன் சொந்த பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். சூட்டில் ஆயில் இளகும். பேரிங் தேய்ந்திருந்தால் அப்போதுதான் பிரஷர் விழுந்துவிடும். முள் விழவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்றும் பார்த்தார். லேசாகத்தான் வந்தது, அதனால் பிஸ்டன் ரிங் பரவாயில்லை.

அப்புறம் அந்தக் கனமான அடி. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். இன்ஜின் ஓடும்போதே அதற்கு டீசல் போகும் பைப்பின் யூனியனை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார், தளர்த்தினால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. இரண்டாவதைத் தளர்த்தியதும் அடி நின்றது. நான் சந்தோசப்பட, அவர், "பேரிங் அடியா இருந்தாலும் அந்த சிலிண்டரை நிறுத்துனா சத்தம் குறையத்தான் செய்யும், அவசரப்படாதிய" என்றார். இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டில். திரும்ப ஸ்டார்ட் செய்தால் அடி மூன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது. இன்ஜெக்டரோடு சேர்ந்து சத்தமும் நகர்ந்தால் கோளாறு பேரிங்கில் எப்படி இருக்கும்? இதற்காகவே நான் இந்தப் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். (வீட்டில் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம். இன்ஜெக்டரிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.)

டேப்பெட் மூடியைத் திறந்தபோது உள்ளே முழுக்கக் கருப்புச் சகதி. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்குகிற ராக்கர் சாப்ட்டின் ஆயில் ஓட்டைகள் அடைத்து, கடைசி இரண்டு ராக்கர்கள் காய்ந்து கிடந்தன. ஒரு வால்வில் கேப் (இடைவெளி) இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயிலுக்குப் பதில் செம்மண் குழம்பு. போன கோடையில் மானூர்ப் பக்கம் புழுதி உழவுக்கு வாடகைக்குப் போனதன் பலன். மூச்சு முட்டினால் கரும்புகை வராமல் என்ன செய்யும்? புழுதியில் ஓடினால் அந்தக் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும், கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றவும் கூடாது, அதிகமானால் இன்ஜின் அதையும் இழுத்து எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் என்றார்.

செய்த வேலை: ராக்கர் சாப்ட் கழுவி கேப் வைத்தது, மூன்று இன்ஜெக்டரும் டெஸ்ட் செய்து ஒன்றின் நாசில் (டீசல் பீய்ச்சும் நுனி) மாற்றியது, ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், ரேடியேட்டரில் அடைத்திருந்த தூசி எடுத்தது. எல்லாம் சேர்த்து பதினோராயிரத்து நானூறு. அதில் சத்தம் பார்த்ததற்கு மட்டும் ஐந்நூறு. வேலையை வேறு இடத்தில் செய்துகொண்டாலும் அந்த ஐந்நூறைக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது நியாயம்தான். கழற்றிய சாமான்களை ஒரு சாக்கில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. எழுதிய பில் கிடையாது, நான் கேட்ட பிறகுதான் காலண்டர் தாளின் பின்னால் எழுதித் தந்தார். இன்ஜெக்டர் டெஸ்ட் வசதி அங்கே இல்லை, திருநெல்வேலிக்குக் கொடுத்தனுப்பியதில் நாலு நாள் போனது. வண்டி வெட்டவெளியில்தான் நிற்கும், மழைக்காலம் என்றால் தார்ப்பாய் கொண்டுபோங்கள். வயலில் நின்றுபோன வண்டியைப் பார்க்க அவர் வருவதில்லை.

கிளம்பும்போது, "மணிநேர மீட்டர் ஓடலன்னா டீசல் பில்லைக் கூட்டுங்க தம்பி. ஆயிரம் லிட்டர் ஓடுனா ஆயில் மாத்திருங்க" என்றார். மணிக்கு நாலு லிட்டர் என்று வைத்தால் அது 250 மணி நேரம். அப்பாவின் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தேதி, டீசல் லிட்டர், ஆயில் மாற்றியது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அவர் விட்ட பக்கத்திலிருந்து இப்போது நான் எழுதுகிறேன்.

ஜூனில் பாபநாசத்தில் தண்ணீர் திறந்ததும் கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி நாலு ஏக்கரும் தொளி அடித்தாயிற்று, அடி சத்தம் இல்லை. காலையில் மட்டும் டேப்பெட் சத்தம் லேசாக வந்து சூடானதும் அடங்குகிறது, பழைய இன்ஜினுக்கு அது இருக்கும் என்றார். ஹைட்ராலிக்கில் ஒரு ஆயில் ஒழுக்கு பாக்கி. போக நினைப்பவர்கள் புரட்டாசிக்குள் போய்விடுங்கள், ஐப்பசி பிறந்தால் அந்த வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.