வர்ஜீனியா மூதாதையர்: நில மானியமா, கவுண்டி பத்திரமா?

காலனிக் கால வர்ஜீனியாவில் வேர் தேடுகிறவர்கள் எதில் தொடங்குவது என்று திணறுவார்கள்: அரசு முதலில் நிலம் கொடுத்த பதிவிலா (மானியம்), பிறகு நிலம் கைமாறியபோது கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பதிந்த பத்திரத்திலா?

செலவு: மானியப் பதிவுகள் 1623 முதல், வர்ஜீனியா மாநில நூலகத் தளத்தில் இலவசம். பத்திரத்துக்குப் பல நேரம் மைக்ரோஃபிலிம் புரட்ட வேண்டும்.

நிலைப்பு: மானிய ஏடுகள் பெரும்பாலும் தப்பின. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சில கவுண்டிகளின் பத்திரங்கள் எரிந்தே போயின.

தகவல்: கப்பலில் ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் நிலம் பெறும் உரிமை. அதனால் மானியத்தில் வந்தவர் பெயர்களும் இருக்கும். அந்த உரிமையை விற்கவும் செய்தார்கள். அதனால் மானிய ஆண்டை வந்த ஆண்டாகக் கொள்ளாதீர்கள். பத்திரத்திலோ விற்றவரின் மனைவி அந்த நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்த குறிப்பே கிடைக்கலாம்.

முதலில் வந்தவரைத் தேட மானியம். அப்புறம் பிள்ளைகளை இணைக்கப் பத்திரம்தான்.